தடித்த தோலும் தளராத உணர்வும்

ஒருவனை இகழ்வதற்கு நம் மொழியில் உள்ள சொற்களுள் 'தோல் தடித்தவன்' என்பதும் ஒன்று. எத்துணை இடித்துரைத்தாலும் உறைக்காதவனையும், பிறர் துயரம் கண்டு இரங்காதவனையும், 'அவனுக்கு எருமைத் தோல்' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். தோல் தடித்தால் உணர்வு மங்கிவிடும் என்ற எண்ணமே இந்த வழக்கின் அடியிற் கிடப்பது. அந்த எண்ணம் உண்மைதானா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

இதனைச் சொல்லாராய்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையோரத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டிலும், பாலாவி, முந்தல், உடப்பு முதலிய ஊர்களிலும், கையும் காலும் காய்த்துப்போன மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவர்களிடையே பள்ளிக்கூடம் நடத்தி வருபவன் நான். தோலின் தடிப்பைப் பற்றிய அறியாமையினால் இரண்டு வகைத் தீங்குகள் நிகழ்வதை அங்கே காண்கிறேன். அஞ்ச வேண்டாத தடிப்பைக் கண்டு அஞ்சி, ஒரு பாவமும் அறியாத மனிதரை ஒதுக்குகிறோம். கவனிக்க வேண்டிய தடிப்பைக் 'காய்ப்புத்தானே' என்று விட்டு, காலையே இழக்கிறோம். இவ்விரு தீங்குகளையும் தவிர்ப்பதற்குப் பெரிய வைத்திய அறிவு வேண்டியதில்லை. ஒரு சிறிய உண்மையைத் தெரிந்துகொண்டாற் போதும்.

முதலில் உப்பளத்துக்குச் செல்வோம். புத்தளத்து உப்பு நெடுங்காலப் புகழ் உடையது. கண்டி இராச்சியத்துக்கு வேண்டிய உப்பில் ஒரு பகுதி இக்கரையிலிருந்து சென்றது. ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும், உப்பைத் தமது தனியுரிமையாக வைத்திருந்தனர். இன்றும் பாலாவிப் பக்கமாகச் செல்வோர், வெயிலிலே கண்ணாடி பரப்பியது போல ஒளிரும் பாத்திகளைக் காணலாம். களப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்ற விடுகிறார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த நீர் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வற்றும்போதுதான் உப்பு மணி மணியாகப் படியத் தொடங்கும். அந்த வேளையில், கடல்நீரைப் போலப் பல மடங்கு உறைப்பான அந்த நீரிலே இறங்கி நின்று, பலகையால் உப்பை வாரிக் குவிப்பவர்களின் கால்களை எண்ணிப் பாருங்கள்.

அந்த உறைப்பு நீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுகிறது. தோலினுள் இருக்கும் ஈரத்தையும் வெளியே இழுக்கிறது. நீரில் நிற்கும்போது ஊறிய தோல், வரம்பில் ஏறி வெயிலில் நடக்கும்போது காய்ந்து இறுகுகிறது. உப்பு மணிகளின் கூரிய விளிம்புகள் அதனை ஓயாமல் அராவுகின்றன. நாள்தோறும் இவ்வாறு ஊறியும் காய்ந்தும் அராவுண்டும் வரும் பாதம் தடிக்காமல் என்ன செய்யும்? இந்தியாவிலே குசராத்து மாநிலத்தின் கட்ச் பாலைவெளியில், ஆண்டிற் பெரும்பகுதியை உப்புப் பாத்திகளிலேயே கழிக்கும் அகாரியா என்னும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால், உடல் முழுவதும் எரிந்த பின்னும் பாதங்கள் மட்டும் எரியாமல் எஞ்சும் என்று அங்குள்ளோர் கூறுவதுண்டு. கேட்போர் நெஞ்சைச் சுடும் பேச்சு அது.

உப்பளத்தார் மட்டும் அல்லர். கரைவலை இழுப்பவரின் உள்ளங்கையைப் பாருங்கள். உடப்பு மீனவர் அம்பாப் பாடலைப் பாடிக்கொண்டே வலைக் கயிற்றை இழுக்கும் காட்சி கண்ணுக்கும் செவிக்கும் இனியதுதான். ஆயினும் அந்தக் கயிறு நாள்தோறும் உள்ளங்கையைத் தேய்த்துச் செல்கிறது. தேங்காய் உரிப்பவரும், கற்பிட்டி மணலிலே வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சுபவரும் இவ்வாறே. யார் என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் கையைப் பற்றிப் பார்த்தே சொல்லிவிடலாம். விடுமுறை முடிந்து வரும் மாணவனின் கையைக் கண்டு, அவன் விடுமுறையை எங்கே கழித்தான் என்பதை நான் பலமுறை அறிந்திருக்கிறேன்.

இனி, தோல் தடிப்பது எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். நமது தோல் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. கீழே உள்ளது உள்தோல். இரத்தக் குழாய்களும், தொடுகையை அறியும் நரம்பு முனைகளிற் பெரும்பாலானவையும் அதில் உள்ளன. மேலே உள்ளது மேற்றோல். மேற்றோலின் அடிவரிசையில் உயிருள்ள நுண்ணறைகள் ஓயாது பிறந்து, ஒன்றையொன்று மேலே தள்ளிக்கொண்டு செல்கின்றன. மேலே செல்லச் செல்ல அவை தட்டையாகி, கெரற்றின் என்னும் புரதத்தால் நிறைந்து, உயிர் நீங்கி, ஓடு வேய்ந்தாற் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. நமது நகமும் மயிரும், மாட்டின் கொம்பும் குளம்பும் இந்தப் புரதத்தால் ஆனவையே. அடியிலே பிறந்த ஒரு நுண்ணறை மேலே வந்து செதிலாக உதிர்வதற்குச் சாதாரணமாக ஒரு மாதமளவு செல்லும். பிறப்பும் உதிர்வும் சமமாக இருக்கும்வரை தோலின் தடிப்பு மாறுவதில்லை. பிறப்பு மிகுந்தாலோ, உதிர்வு குறைந்தாலோ தோல் தடிக்கிறது.

கண்ணிமையின் மேற்றோல் ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்குதான். உள்ளங்காலிலோ அது ஒன்றரை மில்லிமீற்றர் வரை செல்லும். நடந்து நடந்து வந்த வேறுபாடு மட்டும் அன்று இது. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே உள்ளங்காலின் தோல் ஏனைய இடங்களைவிடத் தடித்திருப்பதைச் சார்ள்ஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட தமது நூலிலே எடுத்துக்காட்டியிருக்கிறார். பிறக்கும்போதே காலுக்கு ஒரு செருப்பைக் கொடுத்து அனுப்புகிறது இயற்கை. பின்னர் அழுத்தமும் உராய்வும் மிகும் இடங்களில் அச்செருப்பின் அடியை அது தானாகவே கனமாக்கிக்கொள்கிறது. அதுவே காய்ப்பு. வேலையை நிறுத்திச் சில கிழமைகள் இருந்தால், பெரும்பாலும் அது தானாகவே மெலிந்துவிடும். ஆகவே காய்ப்பை நோய் என்பதிலும் பாதுகாப்பு என்பதே பொருந்தும்.

இந்தப் பாதுகாப்பினால் உணர்வு குறைகிறதா? 2019ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழிலே ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நிக்கலஸ் ஹொலோவ்கா, டானியல் லீபர்மன் முதலியோர் நடத்திய ஆராய்ச்சி அது. கென்யா நாட்டிலே வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களையும் சப்பாத்து அணிந்து பழகியவர்களையும் அவர்கள் சோதித்தனர். வெறுங்காலினரின் பாதங்களிற் காய்ப்பு மிகுந்திருந்தது. ஆனால் பாதத்தின் உணர்வு இரு சாராருக்கும் ஒத்தே இருந்தது! காய்ப்பு எவ்வளவு தடித்திருந்தாலும் நிலத்தின் அதிர்வை அவர்கள் உணர்ந்தனர். காரணம் விளங்காததன்று. காய்ப்பு இறுகிய பொருள். கதவின் ஒரு பக்கத்தில் தட்டினால் மறுபக்கத்திற் கேட்பது போல, அது தன்மேற் படும் தாக்கத்தைக் கீழே உள்ள நரம்புக்கு அப்படியே கடத்துகிறது. மெத்தை வைத்த சப்பாத்துத்தான் தாக்கத்தை இடையிலே விழுங்கிவிடுகிறது.

எனவே, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. தோல் தடித்தவர் உணர்வு குன்றியவர் அல்லர். உப்பளத்திலே நிற்பவருக்கு உப்பு உறைக்கிறது. கயிறு இழுப்பவருக்குக் கை எரிகிறது. அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'அவர்களுக்கு அது பழகிவிட்டது' என்று நாம் கூறுவது நமது வசதிக்காகவே.

இந்த உண்மையோடு இன்னோர் உண்மையும் சேர்ந்தே வருகிறது. தடித்த தோலிலே உணர்வு இல்லாமற் போயிருந்தால், அதற்குக் காரணம் தடிப்பு அன்று. கீழே நரம்பு கெட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இன்றைய பேச்சில் நேயர்கள் மறவாது கொள்ள வேண்டிய செய்தி இதுவே. இதனை வைத்துக்கொண்டு தடிப்பின் வகைகளைப் பார்ப்போம்.

காய்ப்பு நல்லதே ஆயினும் அதுவும் அளவு மீறலாம். காய்ந்து இறுகிய தோல் வளைய மாட்டாமல் வெடிக்கும். குதிகாலில் வெடிப்பு ஆழமாகி உள்தோலை எட்டினால் இரத்தம் கசியும். அதிலே உப்பு நீர் படும்போது உண்டாகும் எரிவை அனுபவித்தவரே அறிவர். வெடிப்பின் வழியே கிருமிகளும் புகும். ஒரே புள்ளியில் அழுத்தம் தொடர்ந்தால், தடிப்பு ஆப்புப் போல உள்நோக்கி வளர்ந்து கால் ஆணி ஆகிறது. ராஜஸ்தானத்து உப்பளத் தொழிலாளரை ஆராய்ந்த ஜோத்பூர் பாலைவன வைத்திய ஆராய்ச்சி நிலையத்தார், அவர்களிடையே தோல், கண் ஆகியவை பற்றிய முறைப்பாடுகள் மிகுந்திருக்கக் கண்டனர். உப்பு நீரும் காலும் தொடாதபடி செய்வதே இதற்கு வழி. முழங்கால் அளவுக்கு வரும் இறப்பர் சப்பாத்து ஒரு சோடி பெரிய செல்வம் அன்று. அதனை வாங்கிக் கொடுப்பது முதலாளியின் தருமம் என்பதோடு, கடமையும் ஆகும். வெப்பத்திலே அதனை அணிவது சங்கடம் என்பர் சிலர். அளவு பொருந்தாத சப்பாத்தைக் கொடுத்தால் யாருக்கும் சங்கடந்தான். பொருந்துவதைக் கொடுத்து, இடையிடையே கழற்றிக் கால் உலர்த்த ஓய்வும் கொடுத்தால் அந்தச் சங்கடம் நீங்கும்.

அடுத்தது, பிறவியிலே வரும் தடிப்பு. சிலருக்கு உடல் முழுவதும் தோல் வரண்டு, செதில் செதிலாக இருக்கும். மேனாட்டு வைத்தியர் இதற்கு இக்தியோசிஸ் என்று பெயரிட்டனர். மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இவ்வகையிலே மிகச் சாதாரணமானது ஐரோப்பிய மக்களிடையே 250 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் என்று மதிப்பிடுவர். பிலக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் உள்ள குறையே இதற்குக் காரணம் என்பது 2006ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. வேறு சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் மஞ்சள் நிறமாக, மெழுகு பூசியது போலத் தடித்திருக்கும். இவை ஒன்றும் தொற்றுவன அல்ல. ஒரே பாயிற் படுத்தாலும், ஒரே கோப்பையிற் குடித்தாலும் பிறருக்கு வாரா.

வாரா என்று சொல்வது எளிது; ஊரை நம்பச் செய்வது எளிதன்று. 1731இல் இங்கிலாந்திலே, சபோக் பகுதியைச் சேர்ந்த எட்வேட் லம்பேட் என்ற பதினான்கு வயதுச் சிறுவனை இலண்டன் றோயல் சங்கத்தாரின் முன் கொண்டுவந்து நிறுத்தினர். முகமும் உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, அவன் உடல் முழுவதும் முட்கள் போன்ற தடிப்பால் மூடப்பட்டிருந்தது. வளர்ந்த பின் அவன் 'முள்ளம்பன்றி மனிதன்' என்ற பெயரிலே காசுக்குக் காட்டப்பட்டான். அவன் வழிவந்தவர்களும் ஊர் ஊராகக் காட்சிப்பொருளாயினர். கல்வியிற் சிறந்த நாடு, கற்றோர் நிறைந்த சங்கம். ஆயினும் அந்த மனிதனுக்குக் கிடைத்தது வேடிக்கைப் பார்வைதான்.

எங்கள் பகுதியிலே நடந்த ஒன்றையும் கூறுகிறேன். ஆறாம் வகுப்பிலே ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். வகுப்பில் எழுந்து நிற்கும்போதெல்லாம் கைகளைப் பின்னே கட்டிக்கொள்வாள். கரும்பலகையில் எழுத அழைத்தால் வரமாட்டாள். அவள் உள்ளங்கை இரண்டும் தடித்து, மடிப்புகளில் வெடித்திருந்தன. சில கிழமைகளில் இரண்டு மூன்று தாய்மார் என்னிடம் வந்தனர். "ஐயா, அந்தப் பிள்ளைக்குப் பெருவியாதி என்று சொல்லுகிறார்கள். எங்கள் பிள்ளைகளை வேறு வாங்கிலே இருத்துங்கள்" என்றார்கள். தகப்பனாரை அழைத்துப் பேசினேன். அவர் தமது கையையும் நீட்டினார். அதுவும் அவ்வாறே இருந்தது. "கயிறு இழுத்துக் காய்த்தது என்று ஊருக்குச் சொல்லி நான் காலத்தைக் கழித்துவிட்டேன், ஐயா. பெண்பிள்ளை என்ன சொல்லித் தப்புவாள்? படிப்பை நிறுத்திவிடுகிறேன்" என்றார் அவர்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வரவழைத்தோம். அந்தத் தாய்மாரையும் அழைத்து இருத்தினோம். அவர் சிறுமியின் கண்களை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியினால் அவள் கையை மெல்லத் தொட்டார். தொட்ட ஒவ்வோர் இடத்தையும் அவள் விரலாற் சரியாகச் சுட்டிக்காட்டினாள். பெருவியாதி என்றால் இப்படித் தெரியாது என்று அவர் விளக்கினார். பின்னர் தோல் வைத்திய நிபுணரும் அது பரம்பரையாக வரும் தடிப்பே என்று உறுதி செய்து, பூசுவதற்கு யூரியா சேர்ந்த களிம்பு கொடுத்தார். தடிப்பு முற்றாக மாறவில்லை. மாறும் என்று யாரும் வாக்களிக்கவும் இல்லை. வெடிப்புகள் ஆறின. அவள் கரும்பலகையில் எழுதத் தொடங்கினாள்.

தகப்பனிடமிருந்து மகளுக்கு வந்த இந்த வகையிலே, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாற் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரக்கூடும். மற்றொரு வகையும் உண்டு. அதிலே தாயும் தந்தையும் வெளிப்பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லாதவராக, மரபணுவை மட்டும் மறைவாகத் தாங்கியிருப்பர். அவர்களுடைய பிள்ளைகளுள் நான்கில் ஒருவருக்கு அது வெளிப்படும். அத்திரியாதிக் கடலிலே மிலெட் என்றொரு தீவு உண்டு. அங்குள்ள சில குடும்பங்களில் கையும் காலும் கடுமையாகத் தடிப்பதை 1826இல் லூக்கா ஸ்துல்லி என்ற வைத்தியர் எழுதிவைத்தார். தீவு சிறியது, உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடந்துவந்தன. அதற்குரிய மரபணுவை 2001இல் கண்டுபிடித்தனர். உறவிலே மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையேயும் உள்ளது. அதனைப் பழித்துரைப்பது என் நோக்கமன்று. குடும்பத்திலே இத்தகைய பிள்ளை ஒன்று பிறந்திருந்தால், அடுத்த உறவுத் திருமணத்தைப் பேசுமுன் வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்பது நன்று.

ஆசிரியர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறேன். உடல் முழுவதும் செதில் படிந்த பிள்ளைகளுள் சிலருக்கு வியர்வை நன்றாக வெளிவராது. புத்தளத்து நண்பகல் வெயிலிலே அவர்களை ஓடவிட்டால் உடற்சூடு ஏறி மயங்கக்கூடும். அப்பிள்ளை நிழலில் இருக்கட்டும். இடையிடையே முகத்தையும் கையையும் நனைத்துக்கொள்ளட்டும். சோம்பல் என்று எண்ணித் தண்டிக்காதீர்கள்.

இனி, நாம் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய தடிப்புக்கு வருவோம். பெருவியாதி என்றும் குட்டம் என்றும் அஞ்சப்பட்ட தொழுநோய், நுண்கிருமியால் உண்டாவது என்பதை 1873இல் நோர்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். நமது நாட்டிலே ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் ஒரு தொழுநோய் வைத்தியசாலையை நிறுவினர். நோயாளரை ஊரிலிருந்து பிரித்துவைப்பதே அக்காலத்து வைத்தியம். இன்று நிலைமை முற்றிலும் வேறு. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 1983 முதல் இலங்கையிலே இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உண்டால் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அது பிறருக்குத் தொற்றும் ஆற்றலை இழந்துவிடும். ஆயினும் நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் ஆண்டுதோறும் இந்நாட்டிற் கண்டறியப்படுகின்றனர். காலம் தாழ்த்தி வருவதற்கு ஊரின் ஏச்சுக்கு அஞ்சுவதும் ஒரு காரணம்.

தொழுநோயிலே கால்கள் அழிவது ஏன்? கிருமி தசையைத் தின்கிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் போல் பிராண்ட். தமிழ்நாட்டுக் கொல்லிமலையிலே பிறந்து, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து பணிபுரிந்த சத்திர வைத்தியர் அவர். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாதவன் முள்ளின்மேலும் நடப்பான், கொதிக்கும் பாத்திரத்தையும் பற்றுவான், அந்தக் காயங்களே அவன் காலையும் கையையும் அழிக்கின்றன என்று அவர் காட்டினார். நரம்பு கெட்ட காலில் வியர்வை நின்றுவிடும். தோல் வரண்டு தடித்து வெடிக்கும். அந்தத் தடிப்பு காலுக்குள் ஒரு கல்லை வைத்தது போல அழுத்தும். அதன் கீழே புண் உருவாகும். மேலே பார்த்தால் வெறும் காய்ப்பாகத்தான் தெரியும். இதற்கு வேலூரிலும், 1955இல் அதனருகே தொடங்கப்பட்ட கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் கண்ட மாற்று மிக எளியது. காலை நீரில் ஊறவைத்தல், தடிப்பை மெல்லத் தேய்த்து நீக்குதல், எண்ணெய் பூசுதல், நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான இறப்பர் செருப்பை அணிதல் ஆகியவையே அது. வலி மனிதனுக்கு வாய்த்த கொடை என்பது பிராண்ட் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து.

தொழுநோய் அரிதாகிவிட்ட ஊர்களிலும் இதே கேடு இன்று வேறொரு வழியாக நுழைந்திருக்கிறது. நீரிழிவைக் கூறுகிறேன். பல ஆண்டுகள் நீரிழிவு உடையவரின் கால் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகின்றன. அவர் காலிலும் காய்ப்பு உண்டாகும், அதன் கீழே புண்ணும் உண்டாகும், வலிமட்டும் இராது. செருப்புக் கழன்றுவிட்டதுகூடத் தெரியாமல் நடந்து வந்தவரை நான் அறிவேன். இத்தகையவர் காய்ப்பைப் பிளேட்டினாற் சீவுவதும், கால் ஆணிக்கென்று கடையில் விற்கும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் பெருந்தவறு. ஒரு சிறு காயம் விரலை விழுங்கும். விரல் காலை விழுங்கும். நீரிழிவுக் கிளினிக்குக்குச் செல்லும்போது, 'என் காலையும் பாருங்கள்' என்று கேட்டுக் காட்டுவதே அறிவுடைமை.

வேறு சில தடிப்புகளைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்து, வெள்ளிச் செதில் உதிரும் படைகள் சொரியாசிஸ் எனப்படும். மேற்றோலின் நுண்ணறைகள் ஒரு மாதத்தில் வரவேண்டிய தூரத்தைச் சில நாட்களில் வந்துவிடுவதால் உண்டாவது அது, அதுவும் தொற்றாது. யானைக்கால் நோயிலே கால் வீங்கித் தோல் மரப்பட்டை போலாகும். இந்நோய் முன்பு பரவியிருந்த மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. இலங்கை அதனைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எனினும் முன்பு பாதிக்கப்பட்டவர் தினமும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்திப் பேணவேண்டும். இனி, ஓர் ஊரிலே பல வீடுகளில் ஒருங்கே உள்ளங்கைகளில் சிறு சிறு முண்டுகள் தோன்றினால், அது தனிமனிதர் நோய் அன்று. மேற்கு வங்காளத்திலே அப்படி வந்தவர்களை 1983இல் கல்கத்தா வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த கே. சி. சாகா என்னும் தோல் வைத்தியர் ஆராய்ந்து, அவர்கள் குடித்த குழாய்க்கிணற்று நீரில் இருந்த ஆசனிக் நஞ்சே காரணம் என்று கண்டார். தோலிலே தெரிந்தது, கிணற்றிலே இருந்த குற்றம்.

நேயர்களே, வீட்டிலே செய்யத்தக்கது என்ன? மாலையில் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கால் கைகளைக் கழுவுங்கள். கால்மணி நேரம் இளஞ்சூட்டு நீரிலோ சாதாரண நீரிலோ ஊறவையுங்கள். சூட்டை முழங்கையாற் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறிய காய்ப்பைக் கரடான துணியாலோ மாக்கல்லாலோ மெல்லத் தேயுங்கள். மரத்த கால் உடையவர் தேய்ப்பதை வைத்தியர் அல்லது தாதி காட்டியபடியே செய்யவேண்டும். ஈரம் முற்றாக உலருமுன் எண்ணெய் பூசுங்கள். தென்னை வளரும் மாவட்டத்திலே தேங்காய் எண்ணெய்க்கு எங்கே போவது என்று கேட்பார் இல்லை. விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். அங்கே சேற்றுப்புண் வரும். பின்பு உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்திலே பாருங்கள். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

ஆண்டுக்கு ஓரிரு முறை, வீட்டில் உள்ளவர் கண்களை மூடி இருக்க, மற்றவர் பஞ்சினால் அவர் கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரிந்தால், பெரும்பாலும் அஞ்சவேண்டியதில்லை; ஆயினும் காரணம் தெரியாத தடிப்பை வைத்தியரிடம் காட்டுவதே நன்று. தெரியாவிட்டால், அல்லது உடம்பில் எங்கேனும் நிறம் மாறிய தழும்பிலே உணர்வு இல்லாவிட்டால், மறுநாட் காலையிலேயே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

தடித்த கையை நீட்டி நம்மிடம் வருபவர் யாராயினும், அந்தக் கையை நாம் பற்றலாம். அது உழைத்துத் தடித்த கையாயின், நாம் உண்ணும் சோற்றில் உள்ள உப்பும், கறியில் உள்ள மீனும் அந்தக் கை தந்தவை. பிறப்பிலே தடித்த கையாயின், அதற்கு அந்த மனிதர் பொறுப்பல்லர். நோயினால் தடித்த கையாயின், அதற்கு மருந்து உண்டு. பற்றிய நம் கையை அவர்கள் உணர்வார்கள். பற்றாமல் விலகினால் அதனையும் உணர்வார்கள். மரத்துப்போகும் நோய் மனத்துக்கும் உண்டு. அந்த நோய் வந்தவரையே, வேண்டுமானால், தோல் தடித்தவர் என்று சொல்லிக்கொள்வோம்.